பொருந்தவில்லை

ராயக்கோட்டைக்குத் தெற்கே
பெயர்ப்பலகை இல்லாத மண்டபம்.
பதினாறு தூண். சரியாகச் சொன்னால் பதினைந்து;
பதினாறாவது இருந்த இடத்தில்
யாரோ சிமென்ட் போஸ்ட் நட்டு
வேலிக்கம்பி சுற்றியிருக்கிறார்கள்.

மார்ச்சில் முதல் முறை போனேன்.
தக்காளி கிரேட்டுகளுக்கு நடுவே
ஸ்கேனர் பெட்டி குலுங்காமல் வந்தது,
திம்மராயனின் லோடு ஆட்டோவில்.
முக்காலி விரித்து, குமிழி நடுவில் நிற்கும்வரை
மூன்று திருகையும் மாற்றி மாற்றித் திருப்பி
அவனைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"போட்டோவா மேடம்?"
"இல்லை. தொடுவது.
நொடிக்குப் பத்து லட்சம் முறை
ஒளி போய்க் கல்லைத் தொட்டு
திரும்பி வந்து தூரம் சொல்லும்."
"அத்தனை வாட்டி தொட்டா
கல்லு சும்மாவா இருக்கும்?"

கல் சும்மாதான் இருந்தது.
எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு மாடத்தில் மட்டும்
போன ஒளி திரும்பவில்லை;
கோப்பில் அங்கே ஓட்டை.
குறுக்கே ஓடிய நாய்க்கு எட்டுக் கால்.
இரவு லாட்ஜில் உட்கார்ந்து
நாயை அழித்தேன், திம்மராயனின் தோளை அழித்தேன்,
மண்டபத்தைத் தனியே எடுத்து வைத்தேன்.

ஆகஸ்டில் மறுபடி.
வடக்கு உத்தரத்து விரிசல்
வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
அதே இடங்கள், அதே வெள்ளைப் பந்துகள், அதே ஆட்டோ.
மார்ச் மேகத்தின் மேல்
ஆகஸ்ட் மேகத்தை வைத்தேன்.

பொருந்தவில்லை.
பிழை: நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

வெயிலைச் சந்தேகித்தேன். முக்காலியை.
கருவியை எட்டு மணி நேரம் ஓட்டிவந்த சாலையை.
கடைசியில், வேறு ஆள் கிடைக்காமல்,
"பந்தை எங்காவது இடித்தாயா?" என்றேன்.
கேட்ட விதம் நன்றாக இல்லை.

அவன் திரையைப் பார்த்தான்.
பொருந்தியதெல்லாம் பச்சை.
பொருந்தாதது சிவப்பு:
கிழக்கு முழுக்கச் சிவப்பு.
"பந்து நகரல மேடம்.
எதிர்ல குன்று இருந்துச்சே, அது போயிடுச்சு.
நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லியா?"

மூன்று நாள்.
திரும்பவே இல்லை.

திரும்பினேன். வானம்.
அதற்குக் கீழே தயிரை வெட்டினாற்போல் வெள்ளை விளிம்பு,
ஒரு டிப்பர்,
சிவப்புப் பெயின்டில் எண்ணிட்டு
வரிசையாகக் கிடத்திய கல் கட்டைகள்.
என் பந்துகளிலும் எண் உண்டு, இதே போல.

மார்ச்சில் இருந்த குன்றைப் பிடித்துக்கொண்டு
ஆகஸ்டின் வெற்றிடத்தில் ஊன்றப் பார்த்து
மென்பொருள் மண்டபத்தையே
கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறது.
கிழக்கை நீக்கினேன்.
பிழை மூன்று மில்லிமீட்டருக்கு இறங்கியது.
விரிசல், இரண்டிலிருந்து ஐந்து.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
"ஒப்பந்தம் மண்டபத்துக்கு மட்டும்.
பின்னணியை வெட்டிவிட்டு அனுப்புங்க."
வெட்டினேன். அனுப்பினேன்.
அறிக்கையில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது:
'தேவையற்ற புள்ளிகள் நீக்கப்பட்டன.'

மார்ச் கோப்பை மட்டும் அழிக்கவில்லை.
அதில் அந்தக் குன்று இருக்கிறது,
மண்டபத்தைப் பார்த்த முகம் மட்டும்.
அதன் முதுகை நான் அளக்கவில்லை;
அளக்கச் சொன்னவரும் இல்லை.

கிளம்பும்போது டேப்லெட்டைத் திம்மராயன் வாங்கினான்.
"இதுல ரெண்டு வாரம் கம்ப்ரசர் ஓட்டினேன்.
தக்காளி கிலோ மூணு ரூபாய்க்கு விழுந்தப்ப.
கூலி நல்ல கூலி."
எந்த இடம் என்று காட்ட
விரலை வைத்தான்.
விரல் பட்டதும் குன்று
மெல்லச் சுழன்று பின்பக்கம் வந்தது:
கழற்றி வைத்த முகமூடியின் பின்பக்கம்,
புள்ளிகளுக்கு இடையே கறுப்பு.

"உள்ள ஒண்ணுமே இல்லியே மேடம்" என்றான்,
உள்ளே பார்த்தவன்.