714ஆம் அறையின் தொட்டி

பத்து ஃபெரிங்கியில் மூடிவிட்ட ஹோட்டல் ஒன்றின்
ஏலத்தில் எடுத்தது. நூற்றெண்பது ரிங்கிட்.
அடிவயிற்றில் கறுப்பு மார்க்கரில் 714.
"வாளி போதாதா நமக்கு?" என்றார் தனபாலன்
லோரிக்காரனுக்குக் காசு எண்ணிக்கொண்டே.

போதும்தான்.
கொம்தாருக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் நடுவே
இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய இடுப்புக்கு
வாளியோடு வேறு மனத்தாங்கல் இல்லை.
குனியச் சொல்கிறது, அது ஒன்றுதான்.

ஜெலுத்தோங். மூன்றாம் மாடி.
லிஃப்டுக்குள் தொட்டி நுழையவில்லை.
ஷொஃபிக்குலும் அவன் மச்சானும் படிவளைவில்
நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள்,
கடைசியில் ஷொஃபிக்குல்
தலைமேல் கவிழ்த்துக்கொண்டான்.
இரண்டு கால் முளைத்த வெள்ளை ஆமை
முனகிக்கொண்டே மாடியேறியது.
சுவா வீட்டு நாய்
குரைக்க மறந்து பார்த்தது.

குளியலறையை இவர்தான் அளந்தார்.
பென்சிலால் குறித்து, இரண்டு தடவை, மூலைக்கு மூலை.
வாசலை அளக்கவில்லை.

"தீகா இஞ்சி" என்றார் கான்ட்ரக்டர் கூய்,
மூன்று விரல் நீட்டி.
அந்த மூன்று விரல் அகலமும் சிமெண்ட்.

உடைத்தோம்.
பச்சை டைலுக்குப் பின்னால் மஞ்சள் டைல்,
மஞ்சளுக்குப் பின்னால் பூப்போட்ட டைல்.
எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள்
எதையும் பெயர்க்காமல் ஒன்றின்மேல் ஒன்றாய் ஒட்டி
அறையை உள்பக்கமாய்ச் சிறுக்கவிட்டிருக்கிறார்கள்.
தூசி சோற்றுப்பானை வரைக்கும் போனது.
மூன்று நாள் கீழ்க்கடை மீ கோரெங்.

பிறகு ரசமட்டம்.
விளிம்பில் வைத்தால் குமிழ் ஒரே பக்கம் சாய்கிறது,
வளைவில் திருப்பும்போது
கம்பியைப் பிடிக்காமல் போன் பார்க்கும் பயணிபோல.
ஒரு காலுக்கடியில் பச்சை டைல் துண்டு,
அதன்மேல் பூப்போட்டது.
கன்னத்தைத் தரையோடு ஒட்டி எட்டிப் பார்த்த ஷொஃபிக்குல்
"பாங்குனான் செங்கெட், காக்" என்றான்.
கட்டிடமே கோணலாம்.
இத்தனை காலம் நேராய்ப் படுத்துத் தூங்குவதாய்
நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

நடுவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது குமிழ்.
போதும் என்றார் கூய்.
விளிம்பெல்லாம் சிலிக்கான் இழுத்துவிட்டு,
ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஆகாது என்றார்.

அன்றிரவு இவர் குறட்டை விட ஆரம்பித்ததும்
போய்ப் படுத்தேன். உலர்ந்த தொட்டியில்,
யூனிஃபார்மைக்கூட மாற்றாமல்,
கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டு.
நிறைந்தால் வழிகிற ஓட்டைக்குள் விரலை விட்டால்
நாலைந்து மணல்.
யார் காலிலிருந்தோ. எந்த விடுமுறையோ.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் விடலாம்.
மத்தியானமே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்:
பெரிய குழாய் பழுது, நான்கு நாள் தண்ணீர் இல்லை.

ராத்திரியோடு ராத்திரியாய் நிரப்பினோம்.
முதல் நாள் ரொஹாயாத்தி, பிள்ளையின் பால்புட்டிகளோடு.
அப்புறம் சுவா. அப்புறம் நாலாம் மாடி.
அப்புறம் பெயர் தெரியாத மாடிகள்.
இவர் கைலியை மடித்துக் கட்டி,
வாளி போதாதா என்று கேட்ட அதே மனுஷர்,
வாளி வாளியாய் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.
"வீட்டுக்காரி வாங்கினா" என்று
கேட்காதவர்களிடமும் சொன்னார்.
நாங்கள் இருவரும்
ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள்
குழாய் இருமி, தேத்தண்ணி நிறத்தில் துப்பி,
பிறகு தெளிந்தது.
கதவைச் சாத்தினேன். புதுக் கதவு, மூன்று இஞ்சி அகலம் கூட.

தோளை நனைத்தால் முழங்கால் கரையேறுகிறது.
முழங்காலை இறக்கினால் தோள் குளிர்கிறது.
714இல் குட்டையானவர்களே தங்கினார்களோ என்னவோ.
இடுப்பு மட்டும் ஒன்றும் பேசவில்லை.
விரல் நுனிகள் சுருங்கும்வரை
அதன் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடைப்பைத் திறந்தால்
தண்ணீர் போகிறது, போகிறது,
இடது மூலையில் ஒரு கையளவு மட்டும்
போகாமல் நிற்கிறது, கட்டிடம் சாய்ந்த பக்கமாய்.

துடைத்துவிடலாம்தான்.
குனிய வேண்டும்.