தட்டுகள் திரும்பும் சாளரம்

மலைமேல் கல்லூரி.
கீழே வூப்பர் ஆறு, ஆற்றின்மேல்
வௌவால்போலத் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில்.
ஐந்தரைக்கு அதில் ஏறி, பேருந்து மாறி,
நாங்கள் நாலு பேர் வந்து
மாணவர் உணவகத்தின் பின்கதவைத் திறக்கிறோம்.
இந்த அணியை எங்களுக்குத் தெரிந்தது
எச்சில் தட்டுகளின் வழியே.

போன வருடம் பதினாலு ஆட்டம்.
பதினொன்று தோல்வி. இரண்டு சமன்.
ஒரே ஒரு வெற்றி,
எதிரணியின் வண்டி நெடுஞ்சாலையில் பழுதாகி
எட்டுப் பேரோடு வந்திறங்கிய அன்று.
அன்றும் முதல் கோல் அந்த எட்டுப் பேர் போட்டதுதான்.

வரும் சனிக்கிழமை புதுப் பருவம்.
கழுவும் இயந்திரத்தின் ஆவிக்குள் நின்று
கணக்குப் பார்க்கிறோம்.

ஹலீனா சொல்கிறாள்:
நடுக்களத்துத் தீஸ் காதலில் விழுந்துவிட்டான்.
மூன்று வாரமாய் உருளைக்கிழங்கு தொடவில்லை,
இலைகளைக் கிளறிவிட்டு ஜன்னலைப் பார்க்கிறான்.
காதலில் இருப்பவன்
பந்தை எல்லோருக்கும் கொடுப்பான்,
எதிரிக்கும்.

யாதிகார் ஒத்துக்கொள்ளவில்லை.
இருபது வருடமாய் லொத்தர் வாங்கும் மனிதர்.
கமரூனிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறானே, எவானே,
இரண்டு முறை சோறு கேட்கிறான்,
மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டு
வரிசையைச் சுற்றிச் சுற்றி நடக்கிறான்.
அந்தப் பசிக்கு ஒன்பது கோல்,
எழுதி வையுங்கள் என்கிறார்.

குகபாலன் எழுதமாட்டார்.
மாலையில் கரண்டி எண்ணி வைக்கிறவர்
கோலிலும் கஞ்சம்.
"ஆனைக்கும் அடி சறுக்கும், சரி.
முதல்ல ஆனையைக் காட்டுங்கோ."
பின்வரிசையில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.
ஒருவன் படிப்பை முடித்து பேர்லினுக்கு,
மற்றவன் முடிக்காமல் எங்கேயோ.
பயிற்சியாளர் கணிதத் துறை.
தாளில் அவர் தோற்றதே இல்லை.

நானோ
சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டமும் விட்டதில்லை.
மழை, கம்பிவேலி,
பார்வையாளர் ஐந்து பேர், இரண்டு நாய்.
ஏனம்மா போறீங்கள் என்று மகள் கேட்டாள்.
தொண்ணூறு நிமிடம்
யாரும் என்னிடம் எதையும் கேட்காத இடம் அது
என்று சொல்லவில்லை.
அங்கே கோப்பி நல்லாயிருக்கும் என்றேன்.
கோப்பி கழுவின தண்ணீர் மாதிரி.

குளிரறைக் கதவில் நாலு பெயர்.
பருவ முடிவில் யாருடைய எண் மிகத் தள்ளிப் போகிறதோ
அவர் கொழுப்புத் தொட்டி கழுவ வேண்டும்.
யாதிகார், இருபத்தைந்து புள்ளி.
ஹலீனா, ஆறு.
குகபாலன், ஐந்து: போன வருடத்தது,
கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.
என் பெயருக்கு நேரே வெள்ளை.

எல்லாம் மல்ட்டேயின் முழங்காலில் இருக்கிறது.
கோல்காப்பாளன். இடது கால். ஏப்ரலில் வெட்டித் தைத்தது.
கேட்டால் "ஏதோ போகுது" என்பான்.
வீடு பற்றி எரிந்தாலும்
இந்த ஊர் அதைத்தான் சொல்லும்.

இன்று ஒன்றேமுக்காலுக்குச்
சாளரத்தில் நின்றான்.
தட்டை நகரும் பட்டையில் வைத்தான்.
கரண்டி அந்தப் பக்கம் தரையில் விழுந்தது.

யாதிகார் குழாயை மூடினார்.
ஹலீனா கையுறையோடு தலையை வெளியே நீட்டினாள்.
குகபாலன் எண்ணிக்கையை விட்டார்,
அறுபதோ எழுபதோ.
நான் பட்டையை நிறுத்தினேன்,
அதற்கு எனக்கு அனுமதி இல்லை.

இடுப்பால் குனியவில்லை.
வலது மடிந்தது.
இடது
யோசித்தது,
மடிந்தது.
எடுத்துவிட்டான்.
எழும்போது மட்டும்
சாளரத்தின் விளிம்பைப் பிடித்தான்.

நாலு முகத்தையும் பார்த்து "என்ன?" என்றான்.
"ஒன்றுமில்லை. கரண்டியைத் தா."

பதினொன்று என்று எழுதினேன்.
பிறகு அந்த விளிம்பை நினைத்து
பத்து.

மாலை குளிரறையைப் பூட்டப் போனேன்.
குகபாலனின் ஐந்தில்
யாரோ ஈரக்கை வைத்திருக்கிறார்கள்.
ஏழு மாதிரித் தெரிந்தது.