பேனா மூடி

அல் அய்னில் என் வேலை எடை பார்ப்பது.
கீரி என்றால் கீரியில்லை, மரநாயுமில்லை;
ஃபெரெட் என்கிறார்கள்.
நம்மைப் போலவே சளி பிடிக்கும், தும்மும்.
அதற்காகவே வாங்கியிருக்கிறார்கள்.

கிருமி ஏற்றியது இந்தப் பக்கம்,
தடுப்பூசி போட்டது அந்தப் பக்கம்.
நடுவே துளையிட்ட தகரம்.
காற்று மட்டும் கடக்கும்.

பதினேழாம் எண் இந்தப் பக்கம்.
முந்தின வாரம் என் பேனா மூடியைத் திருடியது.
நான்கே நாளில் நூற்றுப்பத்து கிராம் குறைந்தது.
எழுதினேன்.

செவ்வாயன்று எனக்கு மூக்கு ஒழுகியது.
வாசலிலேயே மறித்தார் டாக்டர் இத்ரீஸ்:
"உள்ளே வராதே, அதுகளுக்குத் தொற்றிவிடும்."
சரிதான்.

சனையாவில் எங்கள் அறைக்கு
எட்டுக் கட்டில், ஒரே ஏசி.
மேலே சிக்கந்தர் விடிய விடிய இருமினான்,
கீழே நான்.
இடையில் ஒரு ப்ளைவுட் பலகை, அதிலும் துளை.
எங்களை யாரும் எடை பார்க்கவில்லை.

திரும்பிப் போனபோது
பதினேழின் கூண்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.
பேனாவுக்கு இன்னும் மூடியில்லை.

இந்தக் குளிருக்கு கேம்ப்புக்கே ஊசி வந்தது.
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம்.
பின்னாலிருந்து சிக்கந்தர் கேட்டான்:
"இத முன்னாடி யாருக்காச்சும் போட்டுப் பாத்தாங்களா?"

"பாத்தாச்சு" என்றேன்.