பிழை எண் 2207

டன்டீயில், பழைய சணல் ஆலையின் மூன்றாம் மாடியில்
என் வேலை புத்தகங்களைத் திறந்து பார்ப்பது.
வாசிப்பது அல்ல.
திறக்கிறதா என்று பார்ப்பது.

விளையாட்டுக்குள் ஒரு மடாலயம்,
மடாலயத்துக்குள் ஒரு நூலகம்,
ஆயிரத்து நூற்று நாற்பது முதுகுகள்.
திறப்பவை நாற்பத்தாறு.
மற்றதெல்லாம் சுவரில் பூசிய சாயம்.
ஏழு புத்தகத்துக்கு ஒருமுறை அதே சிவப்பு அட்டை,
அதே மூலையில் அதே கிழிசல்.
பார்த்துப் பழகிவிட்டால்
நிஜ நூலகத்திலும் கண் ஏழாவதைத் தேடும்.

பக்கம் புரளும் ஓசை
எய்லியின் மின்கட்டண ரசீது.
போன ஜனவரியில் மைக்குக்கு முன்னால் பிடித்துப்
புரட்டினாளாம், கோபத்தோடு.
அதனால்தான் எங்கள் துறவிகள் எல்லோரும்
கொஞ்சம் ஆத்திரமாகவே வாசிக்கிறார்கள்.

நிஜப் புத்தகமும் உண்டு, ஒன்றே ஒன்று:
உரிமை காலாவதியான ஒரு கடற்பயணக் குறிப்பு,
பதினேழு பக்கம்.
கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே முடிந்துவிடும்.
மீதியைக் கேலம் எழுதினான்.
அரசர்களின் வம்சாவளி, காளான் வகைகள்,
ஒரு சமையல்காரனின் பாவமன்னிப்பு.
சமையல்காரனை மட்டும் நான் மூன்று முறை சோதித்தேன்,
தேவையே இல்லாமல்.

திறந்தால் உலகம் நிற்க வேண்டும். அது விதி.
ஓநாய் பாய்ந்த பாய்ச்சலில் அந்தரத்தில் நிற்கும்,
பனி பாதி வழியில் நிற்கும்,
மூடும்வரை யாரும் சாகமாட்டார்கள்.
(ஐந்து நாற்பது பேருந்து எனக்காக நின்றதே இல்லை.)

செவ்வாய்க்கிழமை. நிலவறை. சங்கிலியிட்ட புத்தகம்.
இறந்துபோன மொழி, என்று கதையில் சொல்லியிருந்தார்கள்.
முதுகுக்குப் பின்னால் ஓநாய். திறந்தேன்.

தமிழ்.

கருப்புத் தோலில், நெருப்பு நிறத்தில்,
சங்கிலிக்கொம்பு சங்கிலி அறுத்துக்கொண்டு
எழுத்துக்குப் பின்னால் போய் நின்று,
கால் கழன்று,
புள்ளிகள் ஈ மாதிரித் தள்ளித் தள்ளிப் பறந்து,
ஆனாலும் தமிழ்.
ஒன்றாம் வகுப்பு வேகத்தில் எழுத்துக்கூட்டினேன்:

குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.
குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு வைக்கவும்.
உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்.

ஏதோ இருமல் மருந்து.
யாரோ ஓர் ஓவியர், வளைவுகள் பிடித்துப்போய்
எடுத்து, தீ வைத்து,
அரக்கனுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் சிரித்த சிரிப்பில் எய்லி ஹெட்போனைக் கழற்றினாள்.
அப்புறம் சிரிப்பு நின்றது.
நேற்று ராத்திரி இதே மொழியில்தான்
வாஷிங் மெஷினுக்காக அக்காவோடு சண்டை போட்டேன்.
இறந்த மொழியில் அவள் குரல்
மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டும் அளவுக்கு இருந்தது.

பிழைப் படிவத்தைத் திறந்தேன். எண் 2207.
'தீவிரம்' என்ற கட்டத்தில் கர்சர் மினுக்கியது.
இருபது நிமிடம் மினுக்கியது.

கேலம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.
நான் சொல்லச் சொல்லக் காது சிவந்தது.
மாற்றிவிடலாம் என்றான்,
நீயே எழுதேன், உண்மையான சாபம் ஏதாவது.

சாபம் தெரியும். வகைவகையாகத் தெரியும்,
நேற்றே இரண்டு விட்டேன்.
ஆனால் யோசித்துப் பார்த்தால்
தடை செய்த நூல்: குழந்தைகளுக்கு எட்டக்கூடாது.
பழைய காகிதம்: ஈரம் ஆகாது.
திறக்கும் முன் குலுக்கச் சொன்னதும் தப்பில்லை,
உள்ளே என்ன உறங்குகிறதோ.

வாசகம் இருக்கட்டும் என்றேன்.
கொம்பை மட்டும் எழுத்துக்கு முன்னால் வை.
அப்புறம் அந்த 'இறந்த மொழி'யை எடுத்துவிட்டு
'பக்கத்து ஊரில் பேசுவார்கள்' என்று போடு.

புத்தகத்தை மூடினேன்.
ஓநாய் விட்ட இடத்திலிருந்து பாய்ந்து
சரியாகக் கடித்தது.
அதில் பிழை இல்லை, டிக் போட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே டே நதியின்மேல் மழை,
நதி எது மழை எது என்று தெரியாத மாதிரி.
குளிர்ந்த இடம், சரி.
உலர்ந்த இடத்துக்கு
இந்த ஊரில் எங்கே போவது.