வெளிமுகம்

பதினேழாம் காந்தம்
கால் மில்லிமீட்டர் இடப்பக்கம், கொஞ்சம் சாய்வு.
அளந்தவர் நெவியா.
பென்சில் குறிப்பு, அதன்மேல் காபிக் கறை.

நிரலில் காந்தத்தை யாரும் நகர்த்துவதில்லை.
நீ கோணல் என்று அதனிடம் சொல்வதுமில்லை.
வருகிற எலக்ட்ரானைத்தான்
வாசலில் நிறுத்தித்
தள்ளி, தலையைச் சாய்த்து,
"இதுதான் நேர், போ" என்கிறோம்.
உள்ளே அதற்கு எல்லாம் ஒழுங்கு.

வெளிமுகத்தில்
தள்ளியதையும் சாய்த்ததையும்
திருப்பித் தரவேண்டும்.

தந்தேன்.
அப்படியும் நாற்பதாம் சுற்றில் கற்றை
குழாய்ச் சுவரில் முட்டிச் செத்தது.
மூன்று நாளாக, அதே நாற்பதில்.

வெளியே போரா காற்று.
த்ரியெஸ்தே முழுக்கச் சாய்ந்து நடக்கிறது,
நேராக நிற்பவன்தான் விழுகிறான்.
நெவியா உள்ளே வந்தார்.
கையுறை போட்டபடியே கோட்டை இழுத்து
முழங்கையில் மாட்டிக்கொண்டு
ஸ்லோவேனிய மொழியில் யாரையோ திட்டினார்.

கையுறை.
கடைசியாகப் போட்டது.

சாய்த்ததை முதலில். பிறகு தள்ளியதை.
இரண்டே வரி, இடம் மாறின.

நாற்பது. நாற்பத்தொன்று.

"காந்தத்தையே நேராக்கிவிடவா?
ஸ்பானர் காரில்தான் இருக்கிறது."

விரலை உயர்த்திப் பொறு என்றேன்.
எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஆயிரத்துச் சொச்சம்.