கராம்பு

கண்டியில் இரண்டு நாள் பட்டறை,
பாடகர் குழு நடத்துகிறவர்களுக்கென்று.
மதியச் சாப்பாடும் பஸ் காசும் மறைமாவட்டக் கணக்கில்.
ஒரு சான்றிதழ், ஒரு நீலக் கொப்பி,
கொப்பி நிறைய நான் கிறுக்கிய அம்புக்குறிகள்.
பொகவந்தலாவை பஸ்ஸில் மடியில் வைத்து
ஹட்டன் தாண்டும்வரை வாசித்தேன்.
நோர்வூட்டில் மழை. மூடிவைத்தேன்.

புதன்கிழமை ஆறு மணி.
அந்தி நிறை முடிந்து, முகம் கழுவி,
கறை போகாத விரல்களோடு பத்தொன்பது பேர்.
ஆளுக்கொரு ஸ்ட்ரோ கொடுத்தேன்.
"பால் பக்கெட் எங்க டீச்சர்?" என்றாள் ஜெசிந்தா.
குழாய்க்குள் ஊதியபடியே சுருதி ஏறி இறங்கினோம்,
ஆலையில் கொழுந்து வாட்டும் காற்றாடி
கிளம்புகிற மாதிரி ஒரு முனகல்.
சிரித்துச் சிரித்தே தொண்டை திறந்துகொண்டது.
அது கொப்பியில் இல்லை.

இரண்டாம் பக்கம்: ஒத்திகையைப் பதிவு செய்து கேள்.
போனை ஹார்மோனியத்தின் மேல் வைத்தேன்.
இரவு, பிள்ளைகள் தூங்கியபின்,
காதில் செருகிக்கொண்டு கேட்டால்
பாடகர் குழுவைக் காணவில்லை.
நான்தான் இருக்கிறேன்.
ஒன்றரை மணி நேரத்தில் நாற்பத்தொரு நிமிடம் பேச்சு.
பெரட்டுக் களத்தில் கங்காணிகூட அவ்வளவு பேசமாட்டார்.
மிச்சமெல்லாம் என் பாட்டு:
சோப்ரானோவுக்கு முன்னால் ஓடி,
ஆல்ட்டோவைக் கையைப் பிடித்து இழுத்து,
ஆண்கள் தடுக்கிய இடத்தில் அவர்களுக்கும் சேர்த்து.
பட்டறையில் அந்தச் சிஸ்டர் சொன்னது
அப்போதுதான் உறைத்தது:
பாடுகிற வாய்க்குக் காது கிடையாது.

அடுத்த புதன் வாயில் ஒரு கராம்பு போட்டுக்கொண்டேன்.
கடிக்கக் கூடாது, துப்பக் கூடாது, பாடக் கூடாது.
கை மட்டும்.

மூன்றாம் வரியின் நடுவில்
எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்குகிறார்கள்.
அங்கே ஒரு பள்ளம், பஸ் விழுகிற அளவுக்கு.
ஆறு வருடமாக அதை என் குரலால் மூடியிருக்கிறேன்.
கராம்பைக் கன்னத்தில் ஒதுக்கி ஒரே வாக்கியம்:
பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்காதீர்கள்.
"ஒருத்தி கூடைய கொட்டப் போனா
பக்கத்து நிரைக்காரி பாத்துக்குவாளே, அப்புடியா?"
என்றாள் லில்லிமலர்.
தலையாட்டினேன். பள்ளம் தூர்ந்தது.

சுருதி இறங்குவது ஆண்களால் என்று திட்டியிருக்கிறேன்.
இறங்குவது என் தோள்.
அது தாழ்கிற இடத்தில் எல்லோரும் தாழ்கிறார்கள்.

பிறகு, பின்வரிசை ஓரத்தில், சந்தியாகு.
உதடு அசைகிறது. சொல்லெல்லாம் சரி.
சத்தம் மட்டும் இல்லை.

வாங்குகளை அடுக்கும்போது கேட்டேன், எப்போதிருந்து?
"போன நத்தாருக்கு முந்தின நத்தார், டீச்சர்.
நீங்க ஒருக்கா பாத்தீங்க."

ஏசினீங்க என்றுகூட இல்லை.
பாத்தீங்க.

எவ்வளவு யோசித்தும் எனக்கு அது நினைவில்லை.
கரண்ட் போயிருக்கும். யாராவது பிந்தி வந்திருப்பார்கள்.
ஒருவேளை அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த
பல்லியைப் பார்த்திருப்பேன்.
நீலக் கொப்பியில் கைக்கு எட்டுப் பக்கம்.
கண்ணுக்கு ஒரு வரி கிடையாது.

அதற்கடுத்த புதன் வரிசையைக் கலைத்தேன்.
உங்களுக்கு விருப்பமான ஆளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள் என்றேன்.
சந்தியாகு கதவோரம் போய், ஜெசிந்தாவின் புருஷனோடு நின்றார்.
நான் ஜன்னலைப் பார்த்தபடி கையசைத்தேன்.
பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பாடலில்,
நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த காம்பராவைத் திறக்கிற மாதிரி
கதவுப் பக்கமிருந்து ஒரு தடித்த குரல்,
அரைச் சுருதி தள்ளி.

திரும்பவில்லை.
பல்லுக்கிடையில் கராம்பு நசுங்கிவிட்டது.
நாக்கு மரத்துப்போய்
அன்றைக்கு முழுக்க
நான் ஒன்றையும் திருத்தவில்லை.