பதின்மூன்றரை

சஸ்காட்சுவானில் இவ்வருடம்
இரண்டாயிரம் ஏக்கர் கோதுமை போட்டிருக்கிறான்
ஓரெஸ்ட் ஹல்சுக்.
அவன் நாய்க்குக் கோதுமை ஆகாதாம்.

பனி உருகியதிலிருந்து சொறிகிறது ரியாப்கோ.
அடிவயிற்றில் மயிர் கொட்டி
தோல் பீட்ரூட் நிறம்.
"தானியமாக இருக்கலாம், கோழியாகவும் இருக்கலாம்.
எட்டு வாரம் நிறுத்திப் பாருங்கள்,"
என்ற மருத்துவர் தலைக்குமேல் நாட்காட்டி:
கோதுமைக் கூட்டுறவின் அன்பளிப்பு.

கடையில் கண்ணாடியை மாட்டி
மூட்டையின் முதுகைப் படிக்கிறான்.
மான் இறைச்சி, மீன், பட்டாணி
(பட்டாணி பக்கத்துக் காட்டு மெல்வினுடையதோ என்னவோ).
புரதம் முப்பத்தெட்டு சதம்.

முப்பத்தெட்டு!
பதின்மூன்றரை வந்தாலே
எலிவேட்டரில் அவனுக்குக் கூடுதல் விலை.
அந்த அரைக்காக
எத்தனை ஜூலை இரவுகள்
வானத்தோடு வழக்காடியிருப்பான்.

முன்பக்கம் ஒரு கதிர்,
குறுக்கே சிவப்புக் கோடு.
வரைந்தவன் வயலைப் பார்த்ததில்லை,
கதிருக்கு மீசையே இல்லை.

தொண்ணூற்றாறு டாலர்.
பன்னிரண்டு புஷல் என்று
மனசு தானே கணக்குப் போட்டது.
"ரசீது வேணுமா?" என்றாள் கல்லாப் பெண்.
வேண்டாம்.
டிரக்கில் ஏற்றும்போது மட்டும்
படம் உள்பக்கம் இருக்கும்படி
திருப்பி வைத்தான்.

ஆறாவது வாரம்
வயிற்றில் பூனைமயிர்போல் ஏதோ முளைக்கிறது.

காலையில் ரொட்டியின் ஓரத்தை
இப்போதெல்லாம்
முதுகைக் காட்டி நின்றபடி தின்கிறான்.
மேசைக்கடியில் ஒரு வால்
இரண்டு முறை தரையைத் தட்டி
நிற்கிறது.